ஆரணியில் அரை கிளட்ச்

மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணிக்குப் போனவள், போன மறுநாளே ஒரு காருக்கு அடியில் தலையை நீட்டிப் படுத்திருந்தேன். "ஈப்போவிலிருந்து இதுக்குத்தான் பிளைட் ஏறினியா?" என்று தொலைபேசியில் கேட்டார் என் கணவர். என்ன சொல்ல? தொழில் புத்தி, போன இடத்திலும் விடமாட்டேன் என்கிறது.

என் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஈப்போவில் 'சரோஜா டீச்சர்' என்றால் பாதி ஊருக்குத் தெரியும்; மீதி ஊர் என்னிடம் திட்டு வாங்காமலே லைசென்ஸ் எடுத்துவிட்டது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருக்கும் தனி பிரேக்கில் கால் வைத்தபடியே பாதி ஆயுள் போய்விட்டது. அதனால் யார் ஓட்டினாலும் என் கால் தானாகத் தரையை அழுத்தும், வாய் தானாகத் திட்டும். இந்த இரண்டு கெட்ட பழக்கங்களோடுதான், தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு தை மாதம், ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கினேன்.

சென்னையிலிருந்து வந்த பேருந்தில் என் பெட்டியை எஞ்சின் மூடிமேல் வைத்துவிட்டார் கண்டக்டர். பக்கத்தில் இருந்தவர் சேலை டப்பாக்களை மடியில் அடுக்கிக்கொண்டு என் தோளில் தூங்கினார். எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் சண்டைக்கு வருவார்கள்; இங்கே அடிக்காவிட்டால் சண்டைக்கு வருகிறார்கள். டிரைவர் பிரேக்கைவிட ஹாரனைத்தான் நம்பினார். நான் என் பங்குக்குத் தரையை அழுத்திக்கொண்டே வந்தேன். இறங்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

என்னை அழைத்துப் போக ஏகாம்பரம் அண்ணன் வந்திருந்தார். பெரியப்பா மகன். என் அப்பா மலாயாவுக்குக் கப்பல் ஏறினார், பெரியப்பா தறியோடு இங்கேயே இருந்துவிட்டார். அண்ணன் வீட்டில் இப்போது நாலு தறி. சேலைகளைக் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிற வியாபாரமும் உண்டு.

"தங்கச்சி, நம்ம வண்டி!" என்று பெட்டியைக்கூட வாங்காமல் கையை நீட்டினார்.

வெள்ளை அம்பாசிடர், வேறு யாரோ ஓட்டிக் களைத்த பிறகு வாங்கியது. ஆனால் பளபளப்பு என்றால் அப்படி ஒரு பளபளப்பு. தறியில் மிஞ்சும் கழிவுப் பட்டால் தினமும் துடைக்கிறாராம். எங்கள் ஊரில் அமைச்சர் வீட்டுக் காருக்குக்கூட இந்த மரியாதை கிடையாது.

கிட்டே போய்ப் பார்த்தேன். பானெட்டில் ஒட்டுநாடா பிய்த்த தடங்கள். வைப்பரில் மல்லிகைச் சரத்தின் நார். பின் கண்ணாடியில் 'சுரேஷ் வெட்ஸ்' வரைக்கும் தெர்மாகோல் எழுத்து இருந்தது. பெண்ணின் பெயரை மட்டும் சுரண்டியிருந்தார்கள்.

"யாருண்ணே சுரேஷ்?"

"நம்ம தெரு பையன்தான். போன வாரம் மாப்ள அழைப்பு, நம்ம வண்டிலதான் வந்தான்" என்று பெருமையாகச் சொன்னார்.

கிளப்பினார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நகர்ந்தது. பழைய காகிதம் கருகுகிற வாசனை மூக்கில் ஏறியது. கிளட்ச் வெந்தால் வருகிற வாசனை, எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். வந்த உடனே வாயைத் திறக்க வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அதில் ஒரு தெரு தாண்டும் வரைதான் வெற்றி கிடைத்தது.

"அண்ணே, கிளட்ச்சிலிருந்து காலை எடுங்க!"

"இருக்கட்டும்மா. ஒரு சேஃப்டிக்கு" என்றார்.

வீட்டில் அண்ணி ஆரத்தியோடு நின்றார். பின்னால் மகள் செல்வி, நிறைமாதம், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். காபியில் சர்க்கரை, கரண்டி நிற்கிற அளவுக்கு. நான் ஒரு வாய் குடித்து முடிப்பதற்குள் எதிர் வீட்டு கஜேந்திரன் படியேறி வந்தார். அவரும் தறிக்காரர், ஒல்லியான ஆள், பேச்சை அளந்து பேசுபவர்.

"அண்ணாத்த, காலையில ஏழுமலை வூட்டு பாவு கீது."

"சரிப்பா, வண்டிய எடுத்துடறேன்" என்று அண்ணன் உடனே எழுந்து போனார். நாலு வீடு தள்ளி, தெருமுனைப் பிள்ளையார் கோயிலருகே காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை விளங்கியது. கதவைத் திறந்தால் தெருவைக் காணோம். அதற்குப் பதிலாக அரக்குச் சிவப்பில் பட்டு நூல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. சேலையின் நீளத்துக்கு ஓடுகிற நூலைத்தான் பாவு என்கிறார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவில் விரித்து, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தடவி உலர்த்த வேண்டும். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். இருபுறமும் பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். அண்ணனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு நின்றார்.

"இவங்களுக்கு என்ன கூலி?" என்று அண்ணியைக் கேட்டேன்.

"கூலியா? பாவு புடிக்க யாரும் கூலிக்கு வரமாட்டாங்க. இன்னிக்கு அவங்களுக்கு நாம போவோம், நாளைக்கு நமக்கு அவங்க வருவாங்க. தனியாளா பாவு போட முடியாது சரோஜா."

அந்த நேரத்தில் தெருவுக்குள் ஒரு மிதிவண்டிகூட வராது. பால்காரர் முனையிலேயே நின்று குரல் கொடுத்தார். எங்கள் ஊரில் சாலையை மறிக்க நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்க வேண்டும். இங்கே முதல் நாள் வந்து "காலையில பாவு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பசியாறுவதற்கு இட்லியும் வடகறியும். வடகறி என்பது கடலைப்பருப்பு வடையை உதிர்த்து மசாலாவில் போட்டது. ஈப்போவில் நான் சாப்பிட்டதெல்லாம் அதன் தூரத்து உறவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலாவது இட்லியோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

பாவு சுருட்டியானதும் திருமலைக்குக் கிளம்பினோம். மலையும் சமணக் கோயிலும் குகையில் ஓவியமும் உண்டு, பார்க்காமல் போகக்கூடாது என்று அண்ணனுக்குப் பிடிவாதம். ஊர் தாண்டி ஒரு பாலத்தின் ஏற்றத்தில் வண்டி ஓவென்று கத்தியது, ஆனால் ஏறவில்லை. பக்கத்தில் நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

"இறங்குங்கண்ணே. நான் பார்க்கிறேன்."

சர்வதேச லைசென்ஸ் கைப்பையில் இருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பாலத்தில் போன நாலு பேர் நின்றுவிட்டார்கள். "பொம்பள ஓட்டப்போவுதுடா" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. ஹாண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டேன். நல்ல வண்டியாக இருந்தால் அந்த இடத்தில் எஞ்சின் அணைந்துவிட வேண்டும். இது அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

அண்ணன் முகம் மலர்ந்தது. "பாத்தியா? அணையவேயில்ல. அவ்ளோ பவரு!"

"அண்ணே, பவர் இல்ல. பிடிப்பு இல்ல. பிளேட் தேய்ஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. எஞ்சின் ஒரு பக்கம் சுத்துது, சக்கரம் தன்பாட்டுக்கு நிக்குது."

பின்னுக்கு உருட்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். அடியில் எட்டிப் பார்த்தேன்; ஆயில் ஒழுக்கு எதுவும் இல்லை. அப்படியானால் ஓட்டுகிற விதத்தில்தான் கோளாறு. அண்ணனை உட்கார வைத்து விசாரித்தேன். நான் விசாரித்தால் போலீஸ் விசாரிக்கிற மாதிரி இருக்கும் என்று என் மகள் சொல்வாள்.

"மாப்ள ஊர்வலம்னா எப்படி ஓட்டுவீங்க?"

"மேளக்காரங்க முன்னாடி போவாங்க. வண்டி பின்னாடியே நவுந்துகினு வரணும். நின்னுட்டா நல்லா இருக்காது, வேகமா போனா மேளத்து மேல ஏறிடும். கிளட்ச்சுல பாதி கால் வெச்சிகினே வந்தா அப்படியே தேர் மாதிரி வரும்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் ஆவும். நாயனக்காரர் நல்ல மூடுல இருந்தா மூணு."

"மாசத்துக்கு எத்தனை?"

"தை மாசம்மா இது" என்றார், அதுவே கணக்கு என்பது போல. "தெருவுல கீறது ஒரே வண்டி. கேட்டா எப்படி இல்லன்றது?"

பாதி கிளட்ச்சில் ஓட்டினால் பிளேட் விடாமல் உரசித் தேயும். பாதி கிளட்ச்சில் இரண்டு நிமிடம் நிறுத்தும் மாணவர்களையே நான் அழ வைத்திருக்கிறேன். இந்த மனுஷர் இரண்டு மணி நேரம் பாதி கிளட்ச்சில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டு வருகிறார்!

"சொந்த வண்டியை இப்படித் தேரா ஓட்டவா வாங்கினீங்க?" என்று கோபமாகக் கேட்டுவிட்டேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் செல்விக்கு முதல் பிரசவ வலி கண்டபோது வேன் கிடைக்கவில்லை. கிடைத்து வேலூர் போய்ச் சேர்ந்து ஆபரேஷன் செய்தபோது நேரம் கடந்துவிட்டது. பெரிய உயிர் தங்கியது. சின்ன உயிர் தங்கவில்லை. அவள் மறுபடி உண்டானதும், விற்கிற மாதிரி இருந்ததையெல்லாம் விற்று இந்த வண்டியை வாங்கினாராம். முதல் வலி கண்டதும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார் வேலூர் டாக்டர்.

"வூட்டு வாசல்ல வண்டி நின்னா போதும், எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றார்.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "அண்ணே, வாசல்ல நிக்கும். ஆனா இன்னிக்கு இருக்கிற நிலைமையில இது வேலூர் போய்ச் சேராது."

அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை அப்போது பார்த்தேன். திருமலையை அவர் கையை நீட்டிக் காட்ட, புளியமரத்தடியிலிருந்தே பார்த்துக்கொண்டேன். உருட்டியும் ஓட்டியும் ஊர் திரும்பினோம்.

மூன்றாம் நாள் மெக்கானிக் பாஷா பாய் வந்தார். அவர் ஷெட்டில் இரண்டு கல்யாண வேன்களைப் பிரித்துப் போட்டிருந்ததால் இடமில்லை. வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, கியர் பாக்ஸை இறக்கினார். பழைய பிளேட்டை வெளியே எடுத்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா முதலியாரே, இது எங்க போட்டது? ஆறு மாசம் ஆவல. அதுக்குள்ள கண்ணாடி மாதிரி கீது. உங்க வண்டி ஒரு பேஜார்பா எனக்கு."

"மாப்ள ஊர்வலம்" என்றேன் நான்.

"ஹான்! தெரியும். ஊர்ல பாதி கிளட்ச்சு இப்படித்தான் போவுது. தை மாசம் மாப்ளைங்களால எனக்கு சோறு."

வேலூரிலிருந்து ஆள் புது பிளேட்டோடு வருவதற்குள் நான் பட்டுக் கடைக்குப் போய் வந்தேன். மகளுக்கு மயில் கழுத்து நிறத்தில் ஒன்று, எனக்கு மாம்பழ நிறத்தில் ஒன்று. எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் இதே சேலைக்குச் சொல்கிற விலையை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கார் செலவில் எதிர் கணக்கு. எங்களுக்கு வங்கித் தவணை, இன்சூரன்ஸ், சாலை வரி என்று எல்லாம் காகிதத்தில் வரும். அண்ணனுக்குப் பெட்ரோலும் டயரும் டிங்கரிங்கும் போக, வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் உண்டு, கூடவே தெரு முழுவதற்கும் பதில் சொல்கிற செலவும் உண்டு. அந்தக் கடைசிச் செலவு எவ்வளவு பெரியது என்று அன்று மாலை பார்த்தேன்.

பாஷா பாய் வேலையை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு நாள் பதமா ஓட்டுங்க. அரை கிளட்ச் வேணவே வேணாம்" என்று சொல்லிப் போன சற்று நேரத்தில் கஜேந்திரன் வந்தார்.

"அண்ணாத்த, நாளைக்கு சாயந்திரம் நம்ம தங்கச்சி பையனுக்கு மாப்ள அழைப்பு. வண்டி…"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன். அண்ணி, கையில் காபி டம்ளரோடு, இருவரையும் பார்த்தார்.

"கஜா, இந்த ஒரு தபா வேணாம்பா" என்றார் அண்ணன். "செல்விக்கு நாளைக்கோ மறாநாளோன்னு கீது. புது பிளேட்டு போட்டுகீறேன்."

கஜேந்திரன் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. "பரவால்லீங்க" என்றார். அண்ணாத்தவாக இருந்தவர் 'ங்க' ஆகிவிட்டார். காபியை வாங்காமலே படியிறங்கிப் போனார்.

"தெருவுல பொழங்க வேணாமா? இத்தினி வருஷத்துல அந்த மனுஷன் நம்மகிட்ட ஒண்ணு கேட்டு வந்ததில்ல" என்று அண்ணி வெடித்தார். பிளேட்டைப் பற்றி நான் சொன்னது சரி. எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று ராத்திரி அண்ணன் சாப்பிடாமல் எழுந்தபோது என் சரி எனக்கே கசந்தது.

நாலாம் நாள் காலை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, வலிக்குது" என்றாள். தயாராக இருந்த பையை அண்ணி எடுத்தார். ஓசூரில் வேலை செய்கிற செல்வியின் கணவருக்குப் போன் போட்டோம். நான் சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

தெருவைக் காணோம். மஞ்சள் பட்டு, எங்கள் வாசலிலிருந்து பிள்ளையார் கோயில் வரை.

கஜேந்திரனின் பாவு. எப்போதும் முந்தின நாள் வந்து சொல்வார். நேற்று மனத்தாங்கலில் மறுபடி எங்கள் படி ஏறவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. கார் வாசலிலேயே நின்றுவிட்டது, பின்பக்கம் முட்டுச் சந்து. போக இருந்த ஒரே வழியில் ஒரு குடும்பத்தின் சில மாதப் பிழைப்பு விரிந்து கிடந்தது.

டாக்சி ஸ்டாண்டுக்கு ஓடிய பையன் திரும்பி வந்து, முகூர்த்த நாள், ஒரு வண்டியும் இல்லை என்றான். அரசு மருத்துவமனை வண்டி எங்கோ போயிருந்தது.

"சொல்லுங்கண்ணே. எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

அண்ணன் வாசற்படியில் நின்றார். ஒரு படி இறங்கினார், மறுபடி ஏறிக்கொண்டார். நேற்று இல்லை என்று சொன்ன அதே வாசல். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் நான் அந்தத் தெருவில் ஒரு நாள்கூடப் பாவு பிடித்தவள் இல்லை. கத்த எனக்கு என்ன உரிமை?

அப்போது செல்வி நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். நாலு அடி தூரத்தில் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்த கஜேந்திரன் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அண்ணனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஏய்! பாவ நிமுத்துங்கப்பா! செவுத்தோட வை! ஜல்தி, ஜல்தி!"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லோருக்கும் புரிந்தது. கோடியில் கட்டியிருந்ததை அவிழ்த்து நாலு பேர் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பாவுக்குள் செருகியிருந்த கோல்களைப் பிடித்துத் தூக்கி, படுத்திருந்த பாவை அப்படியே பக்கவாட்டில் நிமிர்த்தினார்கள். வீட்டுச் சுவர்களில் முதுகை ஒட்டிக்கொண்டு, முன்னால் அதைத் திரை போலப் பிடித்து நின்றார்கள். தொய்ந்தால் சிக்கு விழும், இழுத்தால் அறும். தெருவில் காரின் அகலத்துக்கு ஒரு வழி கிடைத்தது, அதற்கு மேல் இரண்டு விரல்கூட இல்லை.

செல்வியும் அண்ணியும் பின்னால். சாவி என் கையில் இருந்ததால் நானே ஓட்டினேன், அண்ணன் பக்கத்தில். பக்கக் கண்ணாடிகளை மடக்கினேன். முதல் கியர் போட்டு, கிளட்ச்சைப் பாதி விட்டு, அங்கேயே பிடித்துக்கொண்டேன். வேறு வழியே இல்லை. முழுசாக விட்டால் குதிக்கும், குதித்தால் பட்டு போகும்.

முன்னால் கஜேந்திரன் பின்பக்கமாக நடந்தபடியே இரண்டு கையாலும், "வா… வா… லெப்ட்ல ஒடி… வா" என்றார். அவர் நடக்கிற வேகத்துக்கு வண்டி நகர்ந்தது. மேளம் ஒன்றுதான் குறை. நேற்றுப் போட்ட பிளேட்டிலிருந்து அந்த வாசனை வர ஆரம்பித்தது. வரட்டும் என்று விட்டேன். யார் யாரோ முகங்கள் ஜன்னலுக்கு ஒரு சாண் தூரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

கோயிலுக்குப் பத்தடி இருக்கும்போது கதவுக் கைப்பிடியில் ஏதோ மாட்டியது. பிரேக்கில் கால் வைத்தேன். பாவின் ஓரத்து இழைகள் சில கைப்பிடியில் சுற்றியிருந்தன. கஜேந்திரன் ஓடிவந்தார். பிரித்தெடுப்பார் என்று நினைத்தேன். விரலில் சுற்றி, ஒரே இழுப்பில் தன் கையாலேயே அறுத்தார்.

"அறுந்த இழைய முடிஞ்சிக்கலாம். நீங்க போங்கம்மா! போங்க!"

போனேன். முனை திரும்பி, முழுசாகக் கிளட்ச்சை விட்டு, நாலாவது கியருக்கு வந்த பிறகுதான் என் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. கண்ணமங்கலத்துப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் வருகிற வரை அண்ணன் இறங்கி நின்று தண்டவாளத்தையே முறைத்தார். செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, "அத்தை, உங்க வண்டியில ஏறினவங்கள்ல கத்தாதவ நான் ஒருத்திதானா?" என்றாள். இந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்திலும் கேலி.

வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் செல்வியை இறக்கிய கையோடு உள்ளே கொண்டுபோனார்கள். மதியத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ் துணிச் சுருளோடு வந்து, "பொண்ணு. அம்மா நல்லா இருக்காங்க" என்றார். அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே அழுதேன். சந்தோஷத்தில் அழுவதற்கு வெட்கம் எதற்கு?

செல்வியின் கணவர் வந்து சேர்ந்ததும், பிளாஸ்க்கும் துணிமணியும் எடுத்து வர நானும் அண்ணனும் ஆரணிக்குத் திரும்பினோம். பொழுது சாய்கிற நேரம். பிள்ளையார் கோயிலருகே மேளம் தயாராகிக்கொண்டிருந்தது. பட்டு வேட்டியில் ஒரு பையன், கழுத்தில் ரோஜா மாலை, ஏறுவதற்கு ஒன்றுமில்லாமல் நின்றான். ட்யூப் லைட் தூக்குகிற ஆட்களும் நின்றார்கள். நடுவில் கஜேந்திரன்.

"நிறுத்து தங்கச்சி."

அண்ணன் இறங்கிப் போனார்.

"பொண்ணு கஜா. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

"ம்" என்றார் கஜேந்திரன். தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியிருந்தது.

"மாப்ளைய ஏத்து."

"வேணாம் அண்ணாத்த. ஆஸ்பத்திரிக்கு இன்னும் எத்தினி தபா போவணுமோ. காலையில வாசன வந்துச்சி, நானும் மூக்குல வாங்கினேன். இந்த வண்டி மேளத்தோட நடந்து வரலாமா? நாங்க நடந்தே போயிக்கறோம்."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நேற்று மாலை பார்த்த அதே பார்வை. டீச்சர், என்ன செய்ய?

நான் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தேன். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். எஞ்சின் இல்லாமலும் நன்றாகப் பிடித்தது.

"மாப்பிள்ளையை ஏத்துங்க. மத்தவங்க பின்னாடி வந்து தள்ளுங்க. எஞ்சினே ஓடலன்னா கிளட்ச் எப்படித் தேயும்?"

தெருவே சிரித்தது. யாரோ பானெட்டில் சாமந்தி மாலையைக் கட்டினார்கள். மாப்பிள்ளைப் பையன் ஏறி உட்கார்ந்தான். நாயனம் கிளம்பியது. காலையில் பாவு பிடித்த அதே கைகள் பின்னால் வந்து வண்டியைப் பிடித்தன. சத்தமில்லாமல், உலுக்கல் இல்லாமல், நிஜமாகவே தேர் மாதிரி நகர்ந்தது. என் ஆயுளில் அவ்வளவு பதமாக நான் ஓட்டியதில்லை.

"ஆன்ட்டி, புது வண்டியா? சத்தமே இல்ல" என்றான் மாப்பிள்ளை. பாவம், கல்யாணப் பதற்றத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

உள் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணனும் கஜேந்திரனும் தோளோடு தோள் உரசத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"எத்தினி இழ அறுந்துச்சி கஜா?"

"அது கெடக்கட்டும். கொழந்த யார் மாதிரி கீது?"

சத்திரத்து வாசலில் மாப்பிள்ளை இறங்கினான். அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போய்ப் பிளாஸ்க்கும் துணிமணியும் எடுத்துக்கொண்டு வேலூர் ரோட்டில் ஏறினோம். அந்த ரயில்வே கேட் மறுபடி மூடியிருந்தது. பானெட்டில் சாமந்தி மாலையைப் பார்த்துவிட்டு, கேட்டருகே நின்ற பெண்கள் மாப்பிள்ளையைப் பார்க்க ஜன்னலில் எட்டிக் குனிந்தார்கள். உள்ளே, இரண்டு நாள் தாடியோடு, மடியில் வெந்நீர் பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏகாம்பரம் அண்ணன் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.